செத்தானாவில் தொடங்கிய ஊசி: ஜப்பானின் முதியோர் நிமோகாக்கல் தடுப்பூசி மானியம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் தென்மேற்குக் கடலோரத்தில் செத்தானா என்றொரு சிற்றூர். சுமார் மூவாயிரம் பேர் வாழ்ந்த இடம். மீன்பிடியும் வேளாண்மையும்தான் பிழைப்பு. இளையவர்கள் வேலை தேடி வெளியேற, வயதானவர்கள் தங்கிவிடும் ஊர்களில் அதுவும் ஒன்று. ஜப்பானில் முதன்முதலாகக் கடலுக்குள் காற்றாலை நட்டது இந்த ஊர்த் துறைமுகத்தில்தான், 2004இல். அதற்கும் முன்பே, 2001இல், இன்னொரு காரியத்தையும் நாட்டிலேயே முதலாகச் செய்திருந்தது: 65 வயதைத் தாண்டியவர், நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டால் செலவில் ஒரு பங்கை ஊர் நிர்வாகமே கொடுக்கும் என்று அறிவித்தது.

நாடு முழுவதற்கும் அதே ஏற்பாடு வர 2014 அக்டோபர் ஆகிவிட்டது. இடையில் பதின்மூன்று ஆண்டுகள். நாடு தழுவிய திட்டம் வந்த பிறகும் ஊசிக்குத் தகுதி பெற்றவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. செலவில் ஒரு பகுதியை அரசே கொடுத்தும் ஏன் வரவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் மையக் கேள்வி. திட்டத்தின் நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. யாரை, எந்த ஆண்டில், எத்தனை முறை அழைப்பது என்று வகுத்த விதியில்தான் கோளாறு இருந்தது என்று நினைக்கிறேன்.

நோயும் ஊசியும்

நிமோகாக்கஸ் என்பது பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும் பாக்டீரியா. குழந்தைகளிடம் அதிகம் தங்கும். நோய் எதிர்ப்பு தளர்ந்த முதியவரிடம் அது நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. ரத்தத்திலோ மூளை உறையிலோ புகுந்தால் உயிருக்கே ஆபத்து. அதன் மேலுறையில் இருக்கும் சர்க்கரைப் பொருளைப் பொறுத்து நூறு வகைக்கு மேல் பிரித்திருக்கிறார்கள். முதியோருக்கு ஜப்பான் தேர்ந்தெடுத்த ஊசி அவற்றில் 23 வகைகளுக்கு எதிரானது. அந்தச் சர்க்கரைப் பொருளை மட்டுமே கொண்ட ஊசி என்பதால் உடலில் நீண்ட நினைவை உண்டாக்காது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதுகாப்பு தேயும். குழந்தைகளுக்குப் போடும் இணைப்பு வகை ஊசி வேறு. அதில் சர்க்கரைப் பொருளைப் புரதத்தோடு கோத்திருப்பார்கள். அதனால் நினைவும் வலுவாக இருக்கும்.

23 வகை ஊசிக்கு ஜப்பானில் 1988இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அந்நாட்டு மருத்துவக் காப்பீடு நோய்க்குத்தான் பணம் கொடுக்கும், தடுப்புக்குக் கொடுக்காது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு மட்டும் 1992 முதல் விலக்கு. மற்றவர்கள் கைக்காசு போட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். முழுக் கட்டணம் சுமார் 8,000 யென். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதிய தம்பதிக்கு, உடம்பு நன்றாக இருக்கும்போது அந்தத் தொகையை எடுத்து வைப்பது எளிதல்ல. அதைவிடப் பெரிய தடை, இப்படியோர் ஊசி இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாமல் இருந்தது.

ஊர் மருத்துவர்

செத்தானாவின் பொது மருத்துவ நிலையத்துக்குப் பொறுப்பேற்று வந்தவர் முராகாமி தொமோஹிகோ. மருந்தியல் படித்துவிட்டு, அப்புறம் மருத்துவமும் படித்தவர். அவர் வந்த ஊருக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது: 1990களின் தொடக்கத்தில் ஒரு முதியவருக்கு ஆகும் மருத்துவச் செலவில் நாட்டின் உச்சத்தில் இருந்த ஊர்களில் அதுவும் ஒன்று. பக்கத்து நகர மருத்துவமனைகளில் போய்ப் படுப்பது, நீண்ட நாள் தங்குவது, பை நிறைய மாத்திரையோடு திரும்புவது என்று பழகிப்போன ஊர்.

முராகாமி தடுப்பூசியை மட்டும் கொண்டுவரவில்லை. ஊர்க்காரர்களோடு கூட்டம் போட்டுப் பேசினார், புகைபிடிப்பதை விடச் சொன்னார், தேவையற்ற மருந்துகளைக் குறைத்தார். தடுப்பூசி மானியம் அந்தத் தொகுப்பில் ஒரு பகுதி. பின்வந்த ஆண்டுகளில் முதியோர் மருத்துவச் செலவு பெருமளவு இறங்கியது. இதைப் பலரும் "ஊசியால் செலவு குறைந்தது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியான கணக்கல்ல. மூவாயிரம் பேர் உள்ள ஊரில், ஒரே நேரத்தில் நான்கைந்து மாற்றங்கள் நடந்தால், எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத இன்னொரு செத்தானாவும் கிடையாது.

என்றாலும் செத்தானாவில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பணம் எந்தப் பையிலிருந்து போகிறது என்பது. அன்றைய ஜப்பானில் தேசிய மருத்துவக் காப்பீட்டை ஊர்தோறும் உள்ளாட்சியே நடத்தியது. ஒரு முதியவர் நிமோனியாவில் மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தால் அதில் ஒரு பங்குச் சுமை ஊரின் தலையிலும் விழும். ஊசிக்குக் கொடுத்தவரும் அதனால் மிச்சம் பிடிப்பவரும் ஓரளவு ஒருவரே. அதனால் நகர மன்றத்தில் எடுத்துச் சொல்ல ஒரு நியாயம் இருந்தது. இரண்டாவது, சொன்ன ஆள். ஊசியைப் பற்றிச் சொன்னவர் நோயாளியை ஏற்கெனவே தெரிந்த மருத்துவர். இந்த மாதம் கேட்டுத் தயங்கியவரை அடுத்த முறை ரத்த அழுத்தம் பார்க்க வரும்போது மறுபடி கேட்க முடிந்தது. 65 வயதைக் கடந்த எவரும் எந்த ஆண்டிலும் கேட்கலாம். இந்தக் கடைசி அம்சம் எவ்வளவு முக்கியம் என்பது 2014க்குப் பிறகுதான் புலப்பட்டது.

செத்தானா 2005இல் பக்கத்து இரண்டு ஊர்களோடு இணைக்கப்பட்டது. இணைப்புக்குப் பின் முராகாமி அங்கிருந்து விலகினார். 2007இல், சுமார் 3,530 கோடி யென் கடனில் மூழ்கித் திவாலான யூபாரி நகரத்துக்குப் போனார். பழைய நிலக்கரிச் சுரங்க நகரம் அது. அங்கே 171 படுக்கைகள் கொண்ட நகர மருத்துவமனை 19 படுக்கை மருத்துவ நிலையமாகச் சுருங்கியது. படுக்கை இல்லாத நிலையில் தடுப்பு ஒன்றுதான் வழி. நிமோகாக்கல் ஊசியோடு முதியோரின் வாய்ப் பராமரிப்பையும் அங்கே முன்னிறுத்தினார்கள். முதியோர் நிமோனியாவில் கணிசமான பகுதி, எச்சிலும் உணவும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதால் வருவது. அதற்குப் பல்லையும் நாக்கையும் சுத்தமாக வைப்பதும் ஒரு காப்பு. முராகாமி 2017இல் ரத்தப் புற்றுநோயால் காலமானார்.

தேசியத் திட்டத்தை நோக்கித் தள்ளிய காரணங்கள்

செத்தானாவைப் பார்த்து மற்ற உள்ளாட்சிகளும் ஒவ்வொன்றாகச் சொந்தப் பணத்தில் மானியம் கொடுக்கத் தொடங்கின. நாடு தழுவிய திட்டம் வருவதற்குள் அவற்றின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போய்விட்டது. இதில் ஓர் அநீதியும் சேர்ந்தே வளர்ந்தது: ஆற்றுக்கு இந்தக் கரையில் இருப்பவருக்கு மானியம், அந்தக் கரையில் இருப்பவருக்கு முழு விலை.

2010இல் வெளியான ஓர் ஆய்வு வாதத்துக்கு வலு சேர்த்தது. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் இருந்த 1,006 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 23 வகை ஊசியும் மறுபாதிக்கு மருந்தில்லாத போலி ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களிடம் நிமோகாக்கல் நிமோனியா ஏறத்தாழ 64 சதவீதமும், எல்லா வகை நிமோனியாவும் சேர்த்து 45 சதவீதமும் குறைந்தது. நிமோகாக்கல் நிமோனியா வந்தவர்களில், போலி ஊசிக் குழுவில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். தடுப்பூசிக் குழுவில் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த மரணங்களை எடுத்தால் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த வயதில் மரணம் பல வாசல்களில் காத்திருக்கிறது. இந்தப் பின்பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். முன்பாதியை மட்டும் சொல்லி மக்களைக் கூட்டினால் பிறகு நம்பிக்கை போய்விடும்.

அடுத்த ஆண்டு, 2011 மார்ச் 11, நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும். மியாகி மாநிலத்தின் வடக்கே உள்ள கெசென்னுமா நகரில் பேரலைக்குப் பிந்திய மூன்று மாதங்களில் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த முதியோரின் வாராந்தர எண்ணிக்கை முன்பிருந்ததைப் போல ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. முகாம்களின் குளிர், நெரிசல், தண்ணீர்ப் பற்றாக்குறை, பல் துலக்கக்கூட வழியில்லாத நாட்கள். வெளிநாட்டு நன்கொடைகளைக் கொண்டு ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கம் இவாதே, மியாகி, ஃபுகுஷிமா ஆகிய மூன்று மாநிலங்களிலும் 70 வயதைக் கடந்தவர்களின் நிமோகாக்கல் ஊசிச் செலவை ஏற்றது. அதே 2011இல்தான் நாடு முழுவதும் மரணக் காரணங்களின் பட்டியலில் நிமோனியா பக்கவாதத்தை முந்திக்கொண்டு மூன்றாம் இடத்துக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் மரணங்கள். அவர்களில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

2014 அக்டோபர் 1

இவ்வளவுக்குப் பிறகு தடுப்பூசிச் சட்டத்தின் கீழ் முதியோர் நிமோகாக்கல் ஊசி வழக்கமான ஊசிகளின் பட்டியலில் ஏறியது. ஆனால் எந்த வரிசையில் என்பது முக்கியம். ஜப்பானியச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள். முதல் பிரிவு குழந்தைகளுக்கான ஊசிகள் போன்றவை: சமூகம் முழுவதையும் காப்பவை என்று கருதி, போட்டுக்கொள்ளும்படி அரசு முனைந்து சொல்லும், செலவில் சுமார் 90 சதவீதத்துக்கு மத்திய அரசின் நிதிப் பகிர்வில் கணக்கு வைத்துக் கொடுக்கும். இரண்டாம் பிரிவு தனிநபரின் பாதுகாப்புக்கானது: விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம், நிதிப் பகிர்வு சுமார் 30 சதவீதம்தான். மீதியை உள்ளாட்சியும் ஊசி போட்டுக்கொள்பவரும் பகிர வேண்டும். நிமோகாக்கல் ஊசி இரண்டாம் பிரிவில் வைக்கப்பட்டது. அதனால் ஊருக்கு ஊர் கட்டணம் மாறியது. ஓரிடத்தில் 2,000 யென் என்றால் இன்னோரிடத்தில் 5,000 யென். அரசு வாழ்வாதார உதவி பெறுபவர்களுக்குப் பொதுவாக இலவசம்.

அடுத்து வயது விதி. அப்போது ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்கள் சுமார் 3 கோடியே 30 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் ஒரே ஆண்டில் ஊசியும் கிடைக்காது, பணமும் கிடைக்காது. ஆகவே ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தார்கள். ஒரு நிதியாண்டுக்குள் 65, 70, 75, 80, 85, 90, 95, 100 வயதை எட்டுபவர்கள் மட்டும் அந்த ஆண்டுக்கு உரியவர்கள். முதல் ஆண்டில் மட்டும் நூறைத் தாண்டியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி ஐந்து ஆண்டு சுற்றினால் எல்லோருக்கும் தலைக்கு ஒரு வாய்ப்பு வந்துவிடும். தாளில் பார்த்தால் அழகான ஏற்பாடு.

மனிதரிடம் போகும்போதுதான் சிக்கல். 2014இல் 66 வயதானவர் ஒருவர் மருத்துவரிடம் போய்க் கேட்டால், "உங்கள் முறை 70இல் வரும்" என்பதே பதில். நான்கு ஆண்டுகள் பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாவிட்டால் முழு விலை. அவருக்கே ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தாலும் 65ஐத் தாண்டிவிட்டால் அதே விதிதான். நோயை வைத்து முன்கூட்டியே சேர்க்கும் வழி 60 முதல் 64 வயதுக்குள் இதயம், சிறுநீரகம், நுரையீரல் கடுமையாகப் பழுதானவர்களுக்கும் ஹெச்ஐவியால் எதிர்ப்புச் சக்தி குலைந்தவர்களுக்கும் மட்டுமே இருந்தது. முறை வந்த ஆண்டும் மார்ச் 31உடன் முடிந்துவிடும். திட்டமே அக்டோபரில் தொடங்கியதால் முதல் அணிக்குக் கிடைத்தது வெறும் ஆறு மாதம்.

இன்னொரு விதி எனக்குச் சற்றும் பிடிக்காதது. முன்பே சொந்தப் பணத்தில் இதே ஊசியைப் போட்டுக்கொண்டவருக்கு மானியம் கிடையாது, என்றைக்குமே கிடையாது. தன் உடல்நலத்தில் அக்கறை கொண்டு 2008இல் போட்டவருக்கு, 2014இல் அந்தப் பாதுகாப்பு தேய்ந்திருந்தாலும், இரண்டாவது ஊசிக்கு உதவி இல்லை. மருத்துவக் காரணம் ஒன்று சொல்லப்பட்டது: ஐந்து ஆண்டுக்குள் மறுபடி போட்டால் கை கடுமையாக வீங்கி வலிக்கும். அது உண்மைதான், 2009 வரை மறு ஊசிக்கு ஜப்பானில் அனுமதியே இருக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டு கடந்தவரையும் தள்ளி வைப்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

விளைவு என்ன? முதல் ஐந்தாண்டுச் சுற்றில் ஆண்டுதோறும் தகுதி பெற்றவர்களில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் பேர்தான் வந்தார்கள். ஊசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஓடியும், பல உள்ளாட்சிகள் வீட்டுக்கே அஞ்சலில் படிவம் அனுப்பியும் இவ்வளவுதான். இதோடு முதியோர் இன்ஃப்ளூயன்சா ஊசியை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் இரண்டாம் பிரிவு; அதே வயதினர்; அதே மருத்துவ நிலையங்கள்; அதற்கும் கைக்காசு கொஞ்சம் கொடுக்க வேண்டும். அதற்கு அந்த ஆண்டுகளில் பாதிப் பேர் வந்தார்கள். பணத்தையும் பயத்தையும் மட்டும் காரணமாகச் சொன்னால் இந்த வேறுபாடு விளங்காது. இன்ஃப்ளூயன்சா ஊசிக்கு 65 கடந்த எல்லோரும் ஒரே பருவத்தில் போகிறார்கள். கணவன் போகும்போது மனைவியும் போகிறார், அக்கம்பக்கத்தவரும் கேட்டுக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு உண்டு. நிமோகாக்கல் ஊசியிலோ 70 வயதுக் கணவருக்கு உரிமை உண்டு, 68 வயது மனைவிக்கு இல்லை. "அடுத்த தடவை இரண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால், அந்த வீட்டில் ஒருவரின் வாய்ப்பு அத்தோடு போனது.

ஊசி எவ்வளவு காத்தது

ஹொக்கைடோ முதல் நாகசாகி வரை நான்கு மருத்துவமனைகளில் 65 வயது கடந்த நிமோனியா நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வந்தது. 23 வகை ஊசியின் பயன் எல்லா நிமோகாக்கல் நிமோனியாவுக்கும் எதிராகச் சுமார் 27 சதவீதம், ஊசியில் உள்ள வகைகளுக்கு எதிராகச் சுமார் 33 சதவீதம் என்றது. முதியோர் இல்ல ஆய்வின் 64 சதவீதத்தோடு பார்த்தால் இது பாதிக்கும் கீழே. இணைப்பு வகை ஊசிக்கோ நெதர்லாந்தில் சுமார் 85,000 முதியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு இருந்தது; அதிலுள்ள 13 வகைகளால் வரும் நிமோனியாவை அது 45 சதவீதம் அளவுக்குக் குறைத்தது. ஜப்பானில் 13 வகை ஊசிக்கு முதியோருக்கான அனுமதி 2014 ஜூனிலேயே கிடைத்திருந்தும் மானியத் திட்டத்துக்குள் அது வரவில்லை.

அதற்கொரு நியாயமும் இருந்தது. குழந்தைகளுக்கு இணைப்பு வகை ஊசி 2010 முதல் பரவலாகி, 2013 ஏப்ரலில் வழக்கமான ஊசியானது. பேரக்குழந்தையின் தொண்டையில் கிருமி தங்காவிட்டால் தாத்தா பாட்டிக்கு அது தொற்றும் வழியும் அடைபடுகிறது. அதனால் குழந்தை ஊசியில் உள்ள வகைகள் முதியோரிடமும் குறைந்தன. அந்த இடத்தை ஊசியில் இல்லாத வகைகள் பிடித்தன. எந்த ஊசியைத் தேர்ந்தாலும் சில ஆண்டுகளில் கிருமியின் முகம் மாறிவிடும். முதியோரைக் காப்பதில் குழந்தைகளுக்கான இலவச ஊசிக்கும் பங்கு உண்டு என்பதைச் செலவுக் கணக்குப் போடுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

27 சதவீதம் என்பது சிறிய எண்ணா? ஒரு மனிதருக்குச் சிறிதாகத் தெரியலாம். கோடிக்கணக்கானோருக்கு ஒருமுறை போடும் மலிவான ஊசிக்கு அது நல்ல பயன்தான். ஆனால் வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் என்றால் அந்தப் பயனும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

இரண்டாம் சுற்றும் அதற்குப் பின்னும்

முதல் சுற்று 2019 மார்ச்சில் முடிய வேண்டும். 65 வயதை எட்டுபவர்களுக்கு மட்டும் என்று அத்தோடு சுருக்குவது பழைய திட்டம். இத்தனை பேர் விடுபட்டிருப்பதைப் பார்த்து, இதுவரை போடாதவர்களுக்காக இன்னும் ஐந்து ஆண்டு நீட்டினார்கள். அந்த முடிவை வரவேற்கிறேன். ஆனால் நீட்டியது அதே விதியைத்தான்: மறுபடியும் 65, 70, 75. முதல் முறை வராதவரிடம், முதல் முறை பயன்படாத அதே அழைப்பை, ஐந்து ஆண்டு கழித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் வந்தவர்களின் விகிதம் முதல் சுற்றைவிட நன்றாகவே இறங்கியது. ஏற்கெனவே தயங்கி நின்றவர்களே மிஞ்சியிருந்ததால் ஓரளவு வீழ்ச்சி எதிர்பார்க்கக்கூடியதுதான். போதாததற்கு 2020இல் கொரோனா வந்து மருத்துவ நிலையப் பக்கம் போகவே முதியவர்களைத் தயங்க வைத்தது.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்? முதல் சுற்றை வயதுவாரியாகப் பிரித்ததை நான் ஏற்கிறேன். ஊசி இருப்பு என்ற கட்டாயம் இருந்தது. ஆனால் முறை வந்த பிறகு கதவைத் திறந்தே வைத்திருக்கலாம். 70இல் உரிமை பெற்றவர் 71இலோ 73இலோ வந்தாலும் அதே கட்டணத்தில் போடலாம் என்றிருந்தால் ஊசித் தட்டுப்பாடும் வந்திராது, ஆளும் விடுபட்டிருக்க மாட்டார். ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா ஊசிக்கு வரும் பாதிப் பேரிடம் அதே மேசையில் "நிமோகாக்கல் போட்டாயிற்றா?" என்று கேட்டு அங்கேயே போட்டிருக்கலாம். வயது விதி அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் செய்துவிட்டது. கேட்டாலும் ஐந்தில் நான்கு முறை "உங்களுக்கு இந்த ஆண்டு இல்லை" என்றுதான் முடியும் என்றால் எந்தச் செவிலியர் தொடர்ந்து கேட்பார்?

65, 70, 75 என்று அழைத்த இந்த இடைக்கால ஏற்பாடு 2024 மார்ச்சுடன் முடிந்தது. இப்போது 65ஆம் பிறந்தநாளிலிருந்து 66க்கு முந்தைய நாள்வரை ஓராண்டு; கூடவே 60 முதல் 64 வரையிலான கடும் நோயாளிகள். நிதியாண்டுக்குப் பதில் அவரவர் பிறந்தநாளை வைத்துக் கணக்கிடுவது முன்னைவிடத் தெளிவு. ஆனால் 66 வயதுக்கு மேற்பட்டு இதுவரை ஒரு முறையும் போடாத பெருங்கூட்டம் தேசியத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. நிமோகாக்கல் நோயின் ஆபத்து கூடிக்கொண்டே போவது அவர்களுக்குத்தான். சில உள்ளாட்சிகள் அவர்களுக்காக மறுபடியும் சொந்தப் பணத்தில் மானியம் கொடுக்கின்றன. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் முழுக் கட்டணம் கட்டித்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.